பழைய டர்போ சுப்ராவின் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

1986 முதல் 1993 வரை வந்த டொயோட்டா சுப்ரா, ஆர்வலர்கள் ஏ70 என்று அழைக்கும் தலைமுறை, வீட்டு கேரேஜிலேயே வைத்து மீட்டெடுக்கக்கூடிய வண்டி. அதன் டர்போ வகையில் இருப்பது 7எம்-ஜிடிஇ இன்ஜின்: 2,954 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், 24 வால்வுகள், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஒற்றை சிடி26 டர்போ. உறுதியான இன்ஜின்தான். ஆனால் இன்று விற்பனைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை பல கைகள் மாறியவை. பழுதைச் சரி செய்யாமல் அதன்மேல் புதுப் பாகங்களை ஏற்றியவர்கள் அதிகம்.

இந்த இன்ஜினில் தோன்றும் அறிகுறிகள் பல வகை. தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே இடங்களில் போய் முடிகின்றன. ஒன்று, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டின் இறுக்கம். இன்னொன்று, இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரைக் கடந்து எண்ணப்பட்ட காற்று வழியில் எங்காவது கசிவது. இந்த இரண்டையும் பார்த்து முடிக்கும்வரை ஒரு ரூபாய்க்குக்கூட வேகம் கூட்டும் பாகம் வாங்காதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து.

கீழே உள்ளது ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள 7எம்-ஜிடிஇ வண்டிக்கு மட்டுமே பொருந்தும். பந்தய விதிகளுக்காக 1988-ல் ஜப்பானில் 500 மட்டும் வெளிவந்த டர்போ ஏ வகையில் அந்த மீட்டர் கிடையாது. 1990-க்குப் பின் ஜப்பானில் வந்த 2.5 லிட்டர் 1ஜேஇசட் வண்டிகளின் கதையும் வேறு.

எந்த அறிகுறியானாலும் முதலில் இசியுவிடம் கேளுங்கள்

இசியு என்பது இன்ஜினை இயக்கும் கணினி; அது கண்ட பழுதுகளை எண்களாக நினைவில் வைத்திருக்கும். அதைப் படிக்க ஸ்கேனர் தேவையில்லை; ஒரு துண்டு ஒயர் போதும். இன்ஜின் அறையில் மூடியில் ‘டயாக்னோசிஸ்’ என்று எழுதிய சிறு கறுப்புப் பெட்டி இருக்கும். அதைத் திறந்து டிஇ1 (பழைய ஆண்டு வண்டிகளில் டி), இ1 என்ற இரு முனைகளையும் ஒயரால் இணையுங்கள். பேட்டரி 11 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஏசி அணைந்திருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்கக் கூடாது. இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். செக் இன்ஜின் விளக்கு ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டே இருந்தால் நினைவில் பழுது எதுவும் பதிவாகவில்லை. இடைவெளி விட்டுச் சிமிட்டினால் எண்ணுங்கள்: முதல் தொகுதி பத்தாம் இடம், சிறு இடைவெளிக்குப் பின் வருவது ஒன்றாம் இடம்.

அடிக்கடி வருபவை இவை. 12 என்றால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது இன்ஜின் சுழலும் சிக்னல் வரவில்லை. 14 என்றால் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் இக்னைட்டரிலிருந்து பதில் வரவில்லை. 21 ஆக்ஸிஜன் சென்சார், 22 கூலன்ட் வெப்ப சென்சார், 31 ஏர்ஃப்ளோ மீட்டர், 41 த்ராட்டில் பொசிஷன் சென்சார், 52 நாக் சென்சார் (பெட்ரோல் தப்பாக வெடித்துத் தட்டுவதை உணர்வது). எண்ணைக் குறித்துக்கொண்டு, சாவியை அணைத்து, 15 ஆம்பியர் இஎஃப்ஐ ஃபியூஸைப் பத்து விநாடிக்கு மேல் கழற்றி வைத்தால் நினைவு அழியும். வண்டியை ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பழைய உரிமையாளர் காலத்துப் பழுதும் பதிவில் தங்கியிருக்கலாம் என்பதால், மறுபடி வரும் எண்ணை மட்டுமே நம்ப வேண்டும்.

எண் வந்தவுடன் அந்த சென்சாரை வாங்கிவிடாதீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இன்ஜின் சூட்டில் வெந்த கனெக்டர்கள் தொட்டாலே உடையும் நிலையில் இருக்கின்றன. கனெக்டரையும் ஒயரையும் பார்த்த பிறகுதான் சென்சார். எண் 52-க்கு இது மிகவும் பொருந்தும்: நாக் சென்சாருக்குப் போகும் உறையிட்ட ஒயர் எண்ணெயில் ஊறி மட்கியிருக்கும். அந்த சிக்னல் இல்லாதபோது இசியு பாதுகாப்புக்காக இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளிவிடும். வண்டி உயிரில்லாமல் ஓடும். டர்போ போய்விட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த நிலையில்தான்.

கூலன்ட் குறைகிறது, ஒழுகல் எங்கும் தெரியவில்லை

இந்த வண்டியின் பெயரைக் கெடுத்த பழுது இது. தொழிற்சாலைக் கையேடு ஹெட் போல்ட்டுகளுக்குச் சொன்ன இறுக்கம் 78 நியூட்டன் மீட்டர். டர்போ அழுத்தம் தாங்க வேண்டிய இந்த அளவு இன்ஜினுக்கு அது குறைவு என்பதில் இதைப் பிரித்துக் கட்டியவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆண்டுகள் போகப்போக இறுக்கம் தளர்கிறது, கேஸ்கெட் வழிவிடுகிறது.

தொடக்க நிலை மிக மெல்லியது. இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் சில விநாடிகள் ஒரு சிலிண்டர் தவறி, பிறகு சரியாகிவிடும். இரவில் சொட்டிய கூலன்ட் அந்த சிலிண்டரில் நின்றதுதான் காரணம். வெள்ளைப் புகை சற்று இனிப்பு வாடையோடு வரும். குளிர்ந்த இன்ஜினை ஓட விட்டுச் சில நிமிடங்களிலேயே மேல் ரேடியேட்டர் குழாய் கல்லாக இறுகினால், தண்ணீர் சூடாகும் முன்பே சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது என்று பொருள். ஆயில் மூடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை தெரிந்தால் நோய் முற்றிவிட்டது.

உறுதி செய்ய மூன்று வழிகள். ரேடியேட்டர் கழுத்தில் அழுத்தம் கொடுக்கும் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அழுத்தத்தைத் தாண்டாமல் ஏற்றி, இரவு முழுதும் விடுங்கள். காலையில் முள் இறங்கியிருந்து, வெளியே ஈரமில்லை என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஆறில் ஒன்று மட்டும் நனைந்தோ கழுவியது போல் வெளுத்தோ இருந்தால் இடம் தெரிந்துவிட்டது. இரண்டாவது, ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீல நிறச் சோதனைத் திரவம். எரிந்த வாயு கலந்தால் மஞ்சளாகும். மூன்றாவது, கம்ப்ரஷன் சோதனை. சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு 14 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும்; அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கிறது. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

கடையில் விற்கும் ஓட்டை அடைக்கும் திரவங்களை ஊற்றாதீர்கள். அவை ஹீட்டர், ரேடியேட்டர், டர்போவுக்குப் போகும் கூலன்ட் பாதை எல்லாவற்றிலும் படியும், கேஸ்கெட்டைக் காப்பாற்றாது.

ஹெட்டைக் கழற்றும்போது போல்ட்டுகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, பல சுற்றுகளாகத் தளர்த்த வேண்டும். பூட்டும்போது நடுவிலிருந்து ஓரங்களுக்கு. பிளாக்கில் உள்ள போல்ட் துளைகளில் கூலன்ட்டோ எண்ணெயோ தேங்கி நின்றால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்யாகும். ஒவ்வொரு துளையையும் காலியாக்கித் துடைத்து உலர்த்துங்கள். பழைய போல்ட்டுகளையே போடுபவர்கள் சுமார் 98 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குகிறார்கள். என் பரிந்துரை ஹெட் ஸ்டட் தொகுப்பு, அதாவது போல்ட்டுக்குப் பதில் பிளாக்கில் திருகி மேலே நட்டால் இறுக்கும் தண்டுகள். அதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவையும் அவர் தரும் உயவுப் பசையையும் மட்டுமே பின்பற்றுங்கள்.

எந்த கேஸ்கெட் என்ற கேள்விக்கு விடை உங்கள் இரண்டு பரப்புகளில் இருக்கிறது. பல அடுக்கு உலோக கேஸ்கெட் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதற்கு ஹெட்டும் பிளாக்கும் மிக நுண்மையாக மழிக்கப்பட்டிருக்க வேண்டும், சொரசொரப்பு 50 மைக்ரோ அங்குலத்துக்குள். ஹெட்டை மட்டும் பட்டறைக்கு அனுப்பி ஃபேசிங் செய்துவிட்டு, வண்டியிலேயே இருக்கும் பிளாக்கைக் கையால் சுரண்டி உலோக கேஸ்கெட் வைத்தால் விரைவிலேயே மறுபடி ஒழுகும். இன்ஜினை இறக்கும் எண்ணமில்லை என்றால் கம்போசிட் (கூட்டுப்பொருள்) வகை கேஸ்கெட்டைச் சரியான இறுக்கத்தில் போடுவதே அறிவுடைமை. மிதமான பூஸ்டுக்கு, அதாவது டர்போ ஏற்றும் காற்றழுத்தத்துக்கு, அது தாங்கும். ஹெட் கழன்றிருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்புறத்து ஹீட்டர் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாக்கிவிடுங்கள். பின்னால் கை நுழைய இடம் கிடைப்பது அப்போது மட்டும்தான்.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, இன்ஜின் மந்தமாக இழுக்கிறது, கறுப்புப் புகை

இந்த வண்டியின் மீட்டர், கார்மன் சுழல் வகை. உள்ளே வரும் காற்றில் உண்டாகும் சிறு சுழல்களை, ஒரு மெல்லிய கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு எண்ணுகிறது. அந்த எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் இசியு பெட்ரோலை அளக்கிறது. மீட்டருக்குப் பின்னால் எங்கு ஓட்டை இருந்தாலும் கணக்கு தவறும். ஐடிலிங்கில் எண்ணப்படாத காற்று உள்ளே புகுந்து கலவை மெலியும், அதாவது பெட்ரோல் போதாது. ஓட்டை டர்போவைத் தாண்டி இருந்தால், பூஸ்டில் எண்ணிய காற்று வெளியே போய்க் கலவை செறிந்து கறுப்புப் புகை தள்ளும். ஒரே ஓட்டை, எதிரெதிரான இரண்டு அறிகுறிகள். புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ஒரு நொடியில் முடியும் சோதனை: இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். நல்ல நிலையில் உள்ள இன்ஜின் தள்ளாடும், அணையக்கூடச் செய்யும். எந்த மாற்றமும் இல்லையென்றால் வேறோர் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது.

ஓட்டையைத் தேடும் வரிசை இது. மீட்டருக்கும் டர்போவுக்கும் இடையே மடிப்பு மடிப்பாக உள்ள ரப்பர் குழாய். அதைக் கழற்றி வளைத்து மடிப்புகளின் அடியைப் பாருங்கள், விரிசல் வெளியிலிருந்து தெரியாது. அதிலிருந்து கேம் மூடிகளுக்குப் போகும் காற்றோட்டக் குழாய்கள். டிப்ஸ்டிக்கின் ரப்பர் வளையம். ஆயில் மூடியின் வாஷர். டர்போ சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் இணைப்புகள். இன்ஜெக்டர்களின் அடி வளையங்கள். கண்ணால் பார்த்து முடித்ததும் அழுத்தச் சோதனை: மீட்டரைக் கழற்றி, குழாயின் வாயில் டயர் வால்வு பொருத்திய ஒரு மூடியை இறுக்கி, கம்ப்ரஸரால் மெதுவாக 5 முதல் 10 பிஎஸ்ஐ வரை காற்று விடுங்கள், சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். அதற்கு மேல் அழுத்தம் வேண்டாம், ஆயில் சீல்கள் வெளியே தள்ளிக்கொள்ளும்.

கியர் மாற்றும்போது மட்டும் இன்ஜின் திணறிக் கறுப்புப் புகை விட்டால், யாரோ காற்றை வெளியே சீறவிடும் புளோ-ஆஃப் வால்வைப் பொருத்தியிருக்கிறார்கள். எண்ணிய காற்று வெளியேறுகிறது. பெட்ரோல் மட்டும் உள்ளே போகிறது. அந்த வால்வின் வாய் டர்போவுக்கு முன்னுள்ள குழாய்க்கே திரும்ப வேண்டும். அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடித்திருந்தாலும் இந்த மீட்டர் இருக்கும்வரை அது கூடாது.

ஓட்டை இல்லையென்று உறுதியான பிறகே ஐடிலிங் வால்வு. அது இன்லெட்டில் உள்ள ஸ்டெப்பர் மோட்டார். சாவியை அணைத்தவுடன் அடுத்த ஸ்டார்ட்டுக்காகத் திறந்துகொள்ளும் மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். கரி படிந்திருந்தால் கழற்றிக் கழுவுங்கள். அதன் சுருள்கள் மல்டிமீட்டரில் 10 முதல் 30 ஓம் வரை காட்ட வேண்டும். கூலன்ட் வெப்ப சென்சாரையும் அளந்துவிடுங்கள்: 20 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 0.2 முதல் 0.4 கிலோ ஓம். இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் பொய் சொன்னால் பெட்ரோல் எப்போதும் அதிகமாகவே போகும்.

டைமிங்கும் இங்கே சேரும். டிஇ1, இ1 இணைத்த நிலையில் டைமிங் லைட் 10 டிகிரி காட்ட வேண்டும். கேம் பொசிஷன் சென்சாரை யாராவது கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தால் டைமிங் பெரிதும் பின்தங்கி, இழுவை போய், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் சிவந்து சுடும்.

பூஸ்ட் ஏறியதும் சுவரில் மோதியது போல் சட்டென்று இழுவை அறுந்து மீண்டும் வருகிறது

இது இசியு வேண்டுமென்றே செய்வது. மீட்டர் எண்ணும் காற்று வரம்பைத் தாண்டினால் பெட்ரோலை நிறுத்திவிடும். தொழிற்சாலை பூஸ்ட் சுமார் 7 பிஎஸ்ஐ. வெட்டு விழுவது ஏறத்தாழ 12 பிஎஸ்ஐ அளவில். வேஸ்ட்கேட் என்பது எக்ஸாஸ்ட்டின் மிகுதியை டர்போவைச் சுற்றி அனுப்பிப் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு. அதை இயக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் சிறு குழாய் வெடித்திருக்கிறதா, தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் எக்ஸாஸ்ட்டைப் பாருங்கள். சிடி26-இன் வேஸ்ட்கேட் துளை சிறியது. பெரிய குழாய், தடையில்லாத சைலன்சர் போட்டால் துளை முழுதும் திறந்த பிறகும் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். துளையைப் பெரிதாக்குவதுதான் சரியான மருந்து. இந்த வெட்டை ஏமாற்றும் மின்னணுப் பெட்டியைப் பெட்ரோல் பக்கம் எதுவும் செய்யாமல் பொருத்துவது பிஸ்டனை உருக்கும் வழி.

பூஸ்டில் விட்டுவிட்டு இழுக்கிறது

மேலே சொன்ன வெட்டு ஒரே அடியாக விழும். மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர் எரியத் தவறுவது, படபடவென்று வரும். முதலில் பிளக்குகள்: இடைவெளி 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், பூஸ்டை உயர்த்தியிருந்தால் அதைவிடக் குறைவாக. பிளக் கிணறுகளில் எண்ணெய் தேங்கியிருந்தால் கேம் மூடி கேஸ்கெட்டுகளை மாற்றுங்கள்.

இந்த இன்ஜினில் தீப்பொறிக்கு மூன்று காயில்கள், ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்கு: 1-6, 2-5, 3-4. பழுதைக் கண்டுபிடிக்க இது பெரிய உதவி. இணை சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து தவறினால் காயில் அல்லது இக்னைட்டர் பக்கம். ஒன்று மட்டும் தவறினால் பிளக், அதன் கேபிள், அல்லது அந்த இன்ஜெக்டரின் கனெக்டர். ஐடிலிங்கில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது ஓட்டத்தில் மாற்றமில்லையோ அதுவே குற்றவாளி.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

டயாக்னோசிஸ் பெட்டியில் எஃப்பி, பிளஸ் பி என்ற முனைகளை இணைத்துச் சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப் ஓட வேண்டும். திரும்பும் குழாயை விரலால் பிடித்தால் பெட்ரோல் பாயும் அதிர்வு தெரியும். அப்போது பம்ப் ஓடி, ஸ்டார்ட்டரின்போது ஓடவில்லையென்றால் ரிலே பக்கம் தேடுங்கள். தீப்பொறி, இன்ஜெக்டர் துடிப்பு இரண்டுமே இல்லை, எண் 12 வருகிறது என்றால் கேம் பொசிஷன் சென்சாரின் கனெக்டர். எண் 14 என்றால் இக்னைட்டரும் அதன் கனெக்டரும். குளிரில் ஸ்டார்ட் ஆகி, சூடானபின் மட்டும் மறுத்தால் கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

சூடானதும் கனமாகத் தட்டும் சத்தம்

குளிரில் டிக் டிக்கென்று கேட்டு, சூடானதும் அடங்கினால் மேனிஃபோல்ட் கேஸ்கெட் அல்லது விரிசல், உடனடி ஆபத்தில்லை. குளிரில் இல்லாமல், சூடானதும் 2,000 முதல் 3,000 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடும்போது கனமாகக் கேட்டால் கனெக்டிங் ராட் பேரிங். அந்த நொடியில் இன்ஜினை அணையுங்கள். வீட்டுக்கு மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்ற எண்ணம் கிராங்க்ஷாஃப்ட்டையும் சேர்த்துப் பலி வாங்கும்.

ஆயில் ஃபில்டரை வெட்டித் தாளை விரியுங்கள். பேரிங் உலோகம் மின்னினால் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்ற வேண்டியதுதான். சந்தேகம் மட்டும் என்றால் டாஷ்போர்டு முள்ளை நம்பாமல் எந்திர வகை அழுத்தமானியைப் பொருத்துங்கள்: சூடான நிலையில் ஐடிலிங்கில் குறைந்தது 4.3 பிஎஸ்ஐ, 3,000 சுற்றில் 36 முதல் 71 பிஎஸ்ஐ. இந்தப் பழுது கேஸ்கெட்டோடு பிறந்தது: எண்ணெயில் கலந்த கூலன்ட் பேரிங்குகளை அரிக்கிறது. எண்ணெய் பால் நிறமான நிலையில் ஓடிய வண்டியில் ஹெட்டை மட்டும் சரி செய்து பூட்டிவிடாதீர்கள். சம்ப்பை இறக்கிப் பேரிங்குகளையும் பாருங்கள்.

நீலப் புகை

டர்போதான் என்று தீர்ப்பு எழுதும் முன், டர்போவிலிருந்து எண்ணெய் வடியும் குழாயும் காற்றோட்டக் குழாய்களும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வடிய வழியில்லாத எண்ணெய் நல்ல சீலையும் தாண்டும். பிறகு குழாயைக் கழற்றி டர்போ சக்கரத்தை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் விரலுக்குத் தெரியும்படி நகர்ந்தாலோ, இறகு சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போவைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

எல்லாம் சரியானபின் திறன் கூட்டுவது

பழுதில்லாமல் ஓடும் வண்டியில் நான் முதலில் சொல்லும் மாற்றம் லெக்ஸஸ் எல்எஸ்400-இன் ஏர்ஃப்ளோ மீட்டரும் 550 சிசி இன்ஜெக்டர்களும். அந்த மீட்டர் அகலமானது. அதே காற்றைக் குறைவாக எண்ணும். தொழிற்சாலை இன்ஜெக்டர் 440 சிசி. 550 அதைவிட 25 சதவீதம் பெரிது. மீட்டர் குறைத்துச் சொல்வதை இன்ஜெக்டர் நிரப்புகிறது. பெட்ரோல் வெட்டும் தள்ளிப் போகிறது. ஆனால் இசியு சுமையைக் குறைவாக நினைப்பதால் டைமிங்கைச் சற்று முன்தள்ளும். ஆகவே நல்ல ஆக்டேன் பெட்ரோலும், வேலை செய்யும் நாக் சென்சார்களும் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. புதிய இன்ஜெக்டர்களின் மின்தடையையும் வாங்கும் முன் கேளுங்கள்: தொழிற்சாலை இன்ஜெக்டர்கள் குறைந்த ஓம் வகை, ரெசிஸ்டர் பெட்டியோடு ஓடுபவை. உயர் ஓம் வகையைப் போட்டால் அந்தப் பெட்டியை விலக்கி ஒயரை நேராக இணைக்க வேண்டும்.

பம்பின் முனையில் வோல்ட்டேஜை அளந்து, தேவையானால் பேட்டரியிலிருந்து தனி ரிலே வழியாகப் புது ஒயர் இழுங்கள். எக்ஸாஸ்ட்டில், கலவையின் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்திய பிறகே பூஸ்டை ஏற்றுங்கள். முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5 அருகே நிற்க வேண்டும். சுற்று ஏற ஏற அது 12.5 பக்கம் நகர்ந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டருக்குப் போகும் வேக்யூம் குழாய் என்ற வரிசையில் தேடுங்கள்.